தொய்வில்லாத கொடி

1

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் கேட்டார்: "கம்பம் எப்படிம்மா நிக்குது?"

"நேரா நிக்குதுப்பா."

"தூக்குக்குண்டு விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு நூல்கூடச் சாயல."

"பின்ன? யாரு பொண்ணு!" என்று சிரித்தார்.

துறையூருக்குப் பக்கத்தில் முப்பது வருடமாகக் கொத்தனார் வேலை பார்ப்பவர் அப்பா. நூலில் கட்டிய இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அவர் கற்ற கல்வி அதுதான். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. கம்பம் நேராகத்தான் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். கல்லூரிக்குப் போய்க் கணிதத்தில் பட்டம் வாங்கியவளும் நான்தான். அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். வாசிப்பவர்களில் யாராவது எங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால், தயவுசெய்து அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

மலேசியாவில், கேமரன் மலையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்து இந்த மாதத்தோடு எட்டு ஆண்டுகள். எட்டாம் ஆண்டை ஒட்டி ஊருக்கு எழுத வேறு விஷயங்களை மனதில் வைத்திருந்தேன். பிரிஞ்சாங் இரவுச் சந்தையைப் பற்றி, தேயிலைக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாக்காரர்களைப் பற்றி. உட்கார்ந்தால், துணி காயப்போடும் ஒரு கம்பத்தைத் தவிர வேறு எதையும் எழுத வரவில்லை.

2

எங்கள் வீடு லயனில் கடைசி வீடு. லயன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடும்பங்கள். கடைசி வீடு என்பதால் எங்களுக்குப் பின்பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு. நான்கு வரிசை முட்டைக்கோஸ், ஒரு ரோஜாச் செடி, அதற்குப் பிறகு மண் சட்டென்று இறங்கிவிடும். கீழே தேயிலை.

வீடு தோட்டத்துக்குச் சொந்தம். என் கணவர் குமரேசன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவர் வேலையில் இருக்கும் வரை வீடு எங்களுக்கு. அடுத்த வீட்டில் அவருடைய அக்கா பவானி அண்ணி இருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். நான் இங்கே தும்மினால் அங்கிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும்.

ஊரில் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, அரிசி களைந்து உலை வைப்பதற்குள் எடுத்துவிடலாம். இங்கே ஒரு துண்டு காய மூன்று நாள். மூடுபனி வந்து துணியை மறுபடி நனைத்துவிட்டுப் போகும். என் மகள் யாழினிக்கு ஏழு வயது. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பினாஃபோரைத் தொட்டுப் பார்த்து, "பாசா, மா" என்பாள்.

"ஈரம்னு சொல்லு."

"ஈரம். பாசாவா இருக்கு."

இதுதான் எனக்கும் அவளுக்கும் தினசரி வழக்கு. எட்டு எழுத்துப் பெயர்ப்பலகையைக்கூட வாசிக்கத் தெரியாத வீட்டிலிருந்து படித்து வந்தவள் நான். என் பிள்ளை தமிழ்ப் பள்ளியில் படித்தும் பாதி மலாயில் பேசுவது எனக்கு அவமானமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் திருத்துவேன். அவள் சொல்ல வந்த சேதி அதற்குள் பாதி வழியில் நின்றுபோகும்.

லயனில் எல்லோரும் கொடி கட்டுவது ஒரே மாதிரிதான். கூரைச் சட்டத்தில் ஒரு முனை, மண்ணில் செருகிய மூங்கிலில் மறு முனை. காற்று பெரிதாக வந்தால் மூங்கில் விழும். எடுத்து மறுபடி செருகிக்கொள்வார்கள். இந்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் மூங்கில் விழுந்து, புதுப் பினாஃபோரும் வெள்ளைச் சட்டையும் செம்மண்ணில் புரண்டன. கறை போகவில்லை. அந்தச் சட்டையோடு என் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்த அன்று, நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

"எனக்கு ரெண்டு இரும்புக் குழாய் வேணும். அரை மூட்டை சிமெண்ட், மணல், சல்லி" என்றேன் கணவரிடம்.

"துணி காயப்போடவா, பாலம் கட்டவா லா?" இங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும்.

"கொத்தனார் பொண்ணைக் கட்டிட்டு மூங்கில்ல கொடி கட்டுறது உங்களுக்குத்தான் கேவலம்."

பிரிஞ்சாங்கிலிருந்து சாமான் வந்து இறங்கியது.

3

கம்பத்தை நானேதான் நட்டேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் பெருமைதான், என்ன ஆனபிறகும்.

ஒரு கம்பம் சமையலறைப் படியை ஒட்டி. மற்றொன்று தோட்டத்தின் விளிம்பில், ரோஜாச் செடிக்கு அப்பால். ஒன்பதடிக் குழாய், இரண்டரை அடி மண்ணுக்குள். குழி அடியில் உடைகல் போட்டு இடித்தேன். குழாயின் அடிமுனையில் துளை போடச் சொல்லி, அதில் ஒரு குறுக்குக் கம்பியைச் செருகினேன். துணி பாரத்தில் குழாய் திரும்பாமல் இருக்க அப்பா செய்யும் வேலை அது. ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று கலவை. நூலில் ஒரு பெரிய மரையைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மூன்று குச்சியால் முட்டுக் கொடுத்தேன். ஈரக் கலவையில் அப்பா கைவிரல் பதிப்பார். எழுதத் தெரிந்த நான் ஆணியால் எழுதினேன்: மலர், 16 அடி 2 அங்குலம். கம்பத்துக்குக் கம்பம் அளந்த தூரம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் ஊர் வெயிலில் சிமெண்ட் வேலை முடிந்ததும் சுற்றிலும் மண் வரப்பு கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் வெடித்துவிடும். நான் விளிம்புக் கம்பத்தைச் சுற்றி வரப்பு கட்டினேன். காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி. பவானி அண்ணி வேலை முடிந்து, கொழுந்து வெட்டும் உடுப்போடு வந்து, தூறலில் குடை பிடித்துக்கொண்டு நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தார்.

"ஏன்டி, வானமே ஊத்துது. நீ வேற கையால ஊத்துறியா?"

"சிமெண்ட் காஞ்சுடக் கூடாது அண்ணி."

"இந்த மலையில எதுடி காஞ்சிருக்கு? என் வாய் மட்டுந்தான் ஒரு கோப்பித் தண்ணிக்குக் காயுது. வந்து போட்டுக் குடு."

லயன் முழுக்க அது பரவி, ஒரு வாரம் எனக்குத் "தண்ணி ஊத்துற தங்கச்சி" என்று பெயர். நான் கண்டுகொள்ளவில்லை. படித்தவள் செய்வது முதலில் சிரிப்பாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே, தோட்டத்தின் குறுக்காக, ஒரு முழ அகலத்தில் பழைய வாய்க்கால் ஒன்று ஓடியது. இவர்கள் அதைக் கான் என்பார்கள். பெரணி மூடிக் கிடந்தது. கொடிக்குக் கீழே வாளியோடு நடக்கும்போது கால் இடறியது. குழிகளிலிருந்து எடுத்த மண் கையில் இருந்தது. கானில் கொட்டி, மிதித்து, சமமாக்கிப் புல் பதித்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தண்ணீர் வராதா என்று மட்டுமே யோசித்து வளர்ந்தவள் நான்.

4

முதல் நாள் துணி போட்டபோது கொடி ஒன்றரை அடி தொய்ந்தது. யாழினி எம்பிக் கயிற்றை விரலால் தட்டி, "லொங்கார், மா" என்றாள்.

"தொய்வுன்னு சொல்லு."

"தொய்வு" என்றாள், சலிப்போடு.

ஒரு மாதம் போனது. காற்று அடித்தது, கம்பம் அசையவில்லை. இரண்டு மாதம் போனது. மற்ற வீட்டுக் கொடிகளெல்லாம் தொங்கிக் கிடக்க, என் கொடி மட்டும் விறைப்பாக நின்றது. கணவரின் நனைந்த ஜீன்ஸ் இரண்டைப் போட்டாலும் இறங்கவில்லை. நான் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தீங்களா? ரெண்டு மாசம் ஆகியும் எப்படி இருக்கு!"

"வீணை வாசிக்கலாம் போல இருக்குடி" என்றார்.

அந்த வாரம்தான் யாழினி கயிற்றைத் தட்டிவிட்டு, "கெத்தாட், மா" என்றாள்.

"இறுக்கம்னு சொல்லு."

அவள் திருத்திச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். நான் அவளுடைய சொல்லைத்தான் கேட்டேன். அவள் சொன்னது என்ன என்று கேட்கவில்லை. கட்டிய கொடி நாளாக நாளாகத் தொய்யும். இறுகாது. பட்டம் தேவையில்லை, துணி துவைத்த யாருக்கும் தெரியும். அந்த மாதம் எனக்குத் தெரியவில்லை.

சமையலறைப் பக்கத்துக் கம்பத்தின் கொக்கி கொஞ்சம் வாய் திறந்திருந்தது. கொக்கி மட்ட ரகம் என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்து, நாலு விரல் கயிறு விட்டுக் கட்டினேன். பத்து நாளில் மறுபடி விறைத்துவிட்டது. அப்போதுதான் அளந்து பார்க்கத் தோன்றியது.

கம்பம் நட்ட அன்று அளந்த அதே நாடா வீட்டில் இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் பிடித்து அளந்தேன். பதினாறு அடி ஏழு அங்குலம். என் கை தப்பு என்று மறுபடி அளந்தேன். ஏழு. குனிந்து, நானே ஆணியால் எழுதியதை வாசித்தேன். இரண்டு.

கம்பம் சாய்ந்திருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நேராக இருந்தது. நேராக நின்றபடியே அது ஐந்து அங்குலம் போயிருந்தது. கம்பம் சாயவில்லை என்றால், அடியில் இருக்கும் மண்தான் போயிருக்கிறதா?

சமையலறைக்கு அடுத்த பின் அறையில்தான் யாழினியின் கட்டில்.

5

"கயிறு சுருங்கியிருக்கும் லா" என்றார் கணவர். "இந்தக் குளிர்ல எல்லாமே சுருங்கும்."

"கயிறு சுருங்கலாம்ங்க. நாடா எப்படிச் சுருங்கும்?"

அவர் இந்த மலையில் பிறந்தவர். மழை நாளில் லாரியை எங்கே மெதுவாக ஓட்ட வேண்டும், எந்தத் திருப்பத்தில் மேலே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். லெம்பா பெர்த்தாம் என்ற பள்ளத்தாக்கில் ஒரு வருடம் சேறு வந்து வீடுகளுக்குள் புகுந்த கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். தெரியாமல் அவர் கயிற்றின் மேல் பழி போடவில்லை. தெரிந்துதான் போட்டார்.

"அடுத்த மாசம் உன் பாஸ் புதுப்பிக்கணும், மலர்" என்றார் கடைசியில். "இப்ப போய் ஆபீஸ்ல சொன்னா, முதல்ல வீட்டைக் காலி பண்ணுன்னுதான் சொல்வாங்க. ஃபாரத்துல எந்த விலாசம் எழுதுறது?"

இந்த பாஸைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டில் இருப்பது என் கணவரின் மனைவி என்ற முறையில். குறித்த காலத்துக்கு ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். என் சான்றிதழ்களை அடுக்கிய கோப்போடு நான் போவேன். அதை யாரும் கேட்பதில்லை. "கணவர் வந்திருக்கிறாரா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருடைய கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து. அங்கே யாரும் என்னைக் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் எண் கூப்பிடும் வரை என் உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருக்கும். இந்த மலையில் என் உடம்பு வியர்ப்பது அந்த ஒரு நாள்தான்.

அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளும் காலையில் அவர் லாரிக்குப் போனதும் அளந்தேன். ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதினேன். சில நாள் கால் அங்குலம். சில நாள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நாளில் சாமிக்கு விளக்கேற்றினேன். மழை நாளுக்கு மறுநாள் அரை அங்குலம். யாழினியின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டேன். "ஏன், மா?" என்றாள். "அங்கே குளிர்" என்றேன். அவள் பொம்மைகள் பின் அறையிலேயே இருந்தன. பொம்மை எடுக்கப் போகிறேன் என்று அவள் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும், அவள் திரும்பி வரும் வரை நான் அடுப்பில் எதையும் கவனிக்கவில்லை. இரண்டு தடவை சோறு அடிப்பிடித்தது.

பயம் எப்படிப்பட்டது என்றால், யாரிடமும் சொல்லாதவரை அது என் ஒருத்திக்கு மட்டும் நடப்பது போல இருந்தது. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி பாத்திரம் கழுவுவது கேட்கும். அவர் காலுக்குக் கீழேயும் அதே மண்தான் என்று தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். எழுதும்போது இந்த வரிதான் கைக்கு வர மறுக்கிறது.

6

பத்தாம் நாள் சனிக்கிழமை. துணி அலசிய தண்ணீரை வழக்கம்போல் கொடிக்குக் கீழே புல்லில் கொட்டினேன். அண்ணி வேலிப் பக்கம் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் சரிவில் ஓடவில்லை. புல்லுக்கு நடுவே ஒரு கோடு வழியாக, யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சியது போலப் போய்விட்டது. எங்கள் ஊரில் மண் இப்படித் தண்ணீர் குடித்தால் மனம் குளிரும்.

அண்ணியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"இன்னொரு வாளி ஊத்து" என்றார்.

ஊற்றினேன். போய்விட்டது.

"இங்க ஒரு கான் இருந்துச்சே. எங்கடி?"

"மூடிட்டேன் அண்ணி. கால் இடறுச்சு."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். கானைத் தூர்த்தவளை இந்தத் தோட்டத்தில் யாரும் திட்டாமல் விட மாட்டார்கள். மழைக்காலத்துக்கு முன் வேலைக்காரர்கள் முதலில் தொடுவது கானைத்தான் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் திட்டவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. வேலியைத் தாண்டி வந்து, குனிந்து புல்லை விலக்கினார். மண்ணில் ஒரு பிளவு. இரண்டு விரல் அகலம். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது.

நாட்காட்டியை எடுத்து வந்து காட்டினேன். அவர் எண்களை மேலிருந்து கீழே வாசித்தார்.

"ஒன்பது நாளா வச்சுக்கிட்டு இருந்தியா?"

"உங்க தம்பி, பாஸ் புதுப்பிக்கிற நேரம்னு..."

"என் தம்பி கிடக்கான். எந்திரி. ஆபீஸ் பன்னண்டு மணிக்கு மூடிடுவாங்க."

யாழினியையும் இழுத்துக்கொண்டு மூவரும் போனோம். தோட்ட அலுவலகத்தில் எழுத்தரை இன்னும் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொடி இறுக்கமா இருக்குன்னு புகாரா? எல்லாரும் தொங்குதுன்னுதான்மா வருவாங்க."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். என் காது சூடானது. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது.

"சிரிக்கிறதுன்னா சாயங்காலம் சிரிங்க" என்றார் அண்ணி. "இந்தப் பொண்ணு கணக்குப் படிச்சது. முதல்ல காகிதத்தைப் பாருங்க."

கிராணி பார்த்தார். மறுபடி பார்த்தார். உள்ளே போய்ச் சின்னத் துரையைக் கூட்டி வந்தார். சின்னத் துரை என்பவர் உதவி மேலாளர். ஒரு மலாய் இளைஞர், பதவி மட்டும் பழைய காலத்துப் பெயரில் இருக்கிறது. எங்களோடு வீட்டுக்கு வந்தார். விளிம்புக் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "குவாட்" என்றார். உறுதி என்று அர்த்தம். அந்தச் சூழ்நிலையிலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை தலை தூக்கியது. மனம் அப்படிப்பட்டது.

நான் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து அவர் காலடியில் ஊற்றினேன்.

தண்ணீர் போன இடத்தைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாக, ஒவ்வொரு காலாக, வீட்டுப் பக்கம் பின்வாங்கினார். அப்புறம் என்னிடம் ஏதோ கேட்டார். பாதி புரிந்தது. இங்கே முன்பு என்ன இருந்தது என்கிறார். எட்டு வருட மலாய் அந்த நேரம் என் வாயில் இல்லை. வாய்க்காலுக்கு என்ன சொல், மூடினேன் என்பதற்கு என்ன சொல், ஒன்றும் வரவில்லை. சொல்லத் தெரியவில்லை என்று அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

யாழினி என் முந்தானையைப் பிடித்து, "கானை மூடினதை நான் சொல்லவா, மா?" என்றாள்.

சொல் என்று தலையசைத்தேன். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, இங்கே ஒரு லோங்காங் இருந்தது, அதை அம்மா மண் போட்டு மூடிவிட்டார் என்று கணீரென்ற மலாயில் சொன்னாள். பள்ளியில் பாட்டு ஒப்பிப்பது போல. என் குற்றத்தை என் பிள்ளை, நான் தினமும் திருத்திக்கொண்டிருந்த மொழியில், ஒரு தப்பில்லாமல் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. மேலே சாலை இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டி நிறையப் பேசினார். கிராணி தமிழில் சொன்னார்: "ஒரு கானை மூடினதால மட்டும் மலை சரியாதாம்மா. மேலயிருந்தே தண்ணி இறங்குதாம். ஆனா கான் இருந்திருந்தா நல்லதுங்கிறாரு." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆறு வீடும் இன்னைக்கே காலி பண்ணணும். தோட்டத்தோட மேல் டிவிஷன்ல காலி லயன் இருக்கு" என்றார்.

கணவர் லாரியோடு வந்து சேர்ந்தபோது சாமான்கள் வாசலில் இருந்தன. என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நேராகப் பின்னால் போய், பிளவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, யாழினியின் கட்டிலைத் தூக்கி லாரியில் போட்டார். சாயங்காலம் வரை ஆறு வீட்டுச் சாமானையும் அவர்தான் ஏற்றினார்.

7

பதினோராம் நாள், மதியம் மூன்று மணிக்கு, நல்ல மழையில் அது போனது. மேல் டிவிஷனிலிருந்து எங்களுக்குச் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தோம். இடி நின்றுவிடும். இது நிற்கவில்லை.

மழை விட்டதும் தூரத்தில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். ஆறு வீட்டில் யாரும் இல்லை; யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் சமையலறை பாதியாக இருந்தது. பின் அறை இல்லை. பச்சை வண்ணம் அடித்த அதன் சன்னல் மட்டும் கீழே சேற்றில் மல்லாந்து கிடந்தது. அந்தச் சன்னலுக்குக் கீழேதான் கட்டில் இருந்தது. நான் யாழினியின் தலையை என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். அவள் மூச்சு முட்டுகிறது என்று தள்ளினாள்.

அண்ணிதான் முதலில் பார்த்தார். "அங்க பாருடி."

சரிவில், பழைய இடத்திலிருந்து முப்பதடி கீழே, புரண்டு கிடந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே, என் கம்பம் நின்றது. அடிக் கலவையோடு, மண்ணோடு மண்ணாக வழுக்கிப் போய், அப்படியே நின்றுவிட்டிருந்தது. அறுந்த கயிறு தொங்கியது. அதில் மூன்று துணிக் கவ்விகள். கம்பம் நேராக இருந்தது. சாவியை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

"மலை போனாலும் உன் கம்பம் சாயலடி" என்றார் அண்ணி. சிரிக்க முயன்றார்.

அப்பாவிடம் நான் சொன்னது இந்தக் கம்பத்தைப் பற்றித்தான்.

8

பாஸ் புதுப்பித்தாகிவிட்டது. விலாசத்தில் மேல் டிவிஷன் லயன் என்று எழுதினோம். அதற்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இதற்காகவா ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று, திரும்பும் வழியெல்லாம் கணவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கானை நான் மூடாமல் இருந்திருந்தால் மலை அங்கேயே நின்றிருக்குமா? நான் ஊற்றிய வாளிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு? கணக்குப் படித்தவள் நான்; இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வரவில்லை. துணி துவைக்கும்போது அந்தக் கேள்வி வருகிறது, பிள்ளைக்குத் தலை பின்னும்போது வருகிறது. மழை தொடங்கினால் கையில் இருப்பதை வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறேன்.

புது வீட்டில் மறுபடி இரண்டு கம்பம் நட்டேன். இந்தத் தடவை முதலில் கானைத் தேடினேன். கணவரும் அண்ணியும் சேர்ந்து அதைத் தூர்வாரி முடித்த பிறகுதான் குழி தோண்டினேன். தண்ணீர் ஊற்றவில்லை. கொடியைக் கட்டும்போது வேண்டுமென்றே ஒரு முழம் கயிற்றைத் தாராளமாக விட்டேன். துணி போட்டால் கணவரின் ஜீன்ஸ் என் தலையில் இடிக்கிறது. "கொத்தனார் பொண்ணு கட்டின கொடியாடி இது?" என்று அண்ணி கேட்கிறார். கேட்டுவிட்டு, நான் பார்க்காதபோது அவரும் கயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் யாழினி எம்பிக் கொடியைத் தட்டுகிறாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளாகவே செய்கிறாள். கயிறு தொய்ந்து ஆடி நிற்கும் வரை பார்க்கிறாள். நான் சமையலறை வாசலில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"லொங்கார், மா" என்கிறாள்.

நான் திருத்துவதில்லை.